கூடு காக்கும் தகப்பன் மீன்!

ஜூன் மாதம். காலை வேளை. அமெரிக்காவின் வடக்கே, மின்னசோட்டா மாநிலத்தில் ஓர் ஏரி.

கரையோரத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். கண்ணாடி போலத் தெளிந்து கிடக்கிறது. குனிந்து பார்த்தால், அடியில் வட்ட வட்டமாக வெள்ளைத் தட்டுகள்! பந்திக்கு யாரோ வரிசையாகத் தட்டு வைத்தாற்போல் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டல்ல. ஐம்பதுக்குக் குறையாது.

ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு மீன். அது அந்த இடத்தை விட்டு நகருவதே இல்லை.

கரையில் ஒரு சிறுவன் தூண்டிலை வீசுகிறான். புழு தட்டில் விழுந்ததோ இல்லையோ, மீன் பாய்ந்து கவ்வுகிறது. அடுத்த வீச்சு, அடுத்த மீன். பத்து நிமிஷத்தில் வாளி நிறைந்துவிடுகிறது!

"ஆகா, இதல்லவா வேட்டை!" என்று தோன்றுகிறதா?

சற்றுப் பொறுங்கள். அந்த மீன் பசியால் கடிக்கவில்லை. தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகக் கடித்தது!

வாணலி மீன்

மின்னசோட்டாவை "பத்தாயிரம் ஏரிகளின் நாடு" என்பார்கள். இது மிகைப்பேச்சு அல்ல. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 இருக்கின்றன!

இந்த ஏரிகளில் பெரிய மீன்களும் உண்டு. அவற்றைப் பிடிக்க மோட்டார் படகு, விலை உயர்ந்த தூண்டில், பொறுமை எல்லாம் வேண்டும். ஏழைக்கும் சிறுவனுக்கும் தாத்தாவுக்கும் கைகொடுப்பவை சின்ன மீன்கள்தான்.

இந்தச் சின்ன மீன்களுக்கு அமெரிக்கர் வைத்திருக்கும் செல்லப் பெயர், "பான்ஃபிஷ்". அதாவது வாணலி மீன். வெட்டாமல், முழுசாக வாணலியில் அடங்கிவிடும் அளவுதான் இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

வாணலி மீன் என்பது ஒரே ஜாதி அல்ல, ஒரு கூட்டம்.

புளூகில் என்பது அதில் முதல்வன். செவுளின் ஓரத்தில் நீலம் ஓடும். காதுபோல் ஒரு கறுப்பு மடல் இருக்கும். ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் மார்பு செம்பு நிறத்தில் ஜொலிக்கும்.

அதன் பங்காளி, பூசணி விதை என்று பெயர் பெற்ற மீன். காது மடலின் நுனியில் குங்குமம் இட்டதுபோல் ஒரு சிவப்புப் புள்ளி. நத்தை என்றால் அதற்கு உயிர்.

கிராப்பி என்பது வெள்ளியில் கறுப்புப் புள்ளி தெளித்ததுபோல் இருக்கும். லூசியானா மாநிலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு "பால் பை" என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். சதை அவ்வளவு வெண்மை!

மஞ்சள் பெர்ச் என்பது நான்காவது ஆசாமி. மஞ்சள் உடம்பில் புலிபோல் வரிகள்.

புளூகில் சாதாரணமாக ஆறு அங்குலம் முதல் எட்டு அங்குலம் வரை வளரும். நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பத்து அங்குலம் என்றால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். 1950-ம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் கெட்டோனா ஏரியில் ஒருவர் 4 பவுண்டு 12 அவுன்ஸ் எடையுள்ள புளூகில்லைப் பிடித்தார். உலக சாதனை அது!

எங்கே தேடுவது?

ஏரி பெரிது. மீன் சிறிது. எங்கே போய்த் தேடுவது?

இதற்கு வழிகாட்டி ஒன்று உண்டு. அதுதான் தண்ணீரின் சூடு.

குளிர்காலத்தில் இந்த ஏரிகள் உறைந்து பனிக்கட்டியாகிவிடும். வசந்தத்தில் பனி உருகும். எல்லா இடமும் ஒரே நேரத்தில் சூடாவதில்லை. ஆழமில்லாத சிறு குடாக்கள், குளிர்ந்த வாடைக்காற்று படாமல் ஒதுங்கிய வடகரைகள் ஆகியவைதான் முதலில் வெதுவெதுப்பாகும். மீன்கள் அங்கேதான் முதலில் வரும்.

தண்ணீர் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியதும் கிராப்பி கரையோரம் வந்து முட்டையிடும். பெரும்பாலும் மே மாதத்தில் இது நடக்கும். விழுந்து கிடக்கும் மரக்கிளை, நாணல், படகுத்துறையின் கால்கள் ஆகியவற்றை ஒட்டி அது நிற்கும்.

சூடு 67 டிகிரியைத் தாண்டியதும் புளூகில்லின் முறை. மே கடைசியில் தொடங்கி, ஜூன் முழுவதும் திருவிழாதான். சில ஏரிகளில் ஜூலைக்கு மேலும் நீடிக்கும்.

மணலும் கூழாங்கல்லும் கலந்த தரை. இரண்டு அடி முதல் ஐந்து அடி வரை தண்ணீர். பக்கத்தில் கொஞ்சம் பாசி. இதுதான் புளூகில் விரும்பும் இடம்.

முட்டையிடும் காலம் முடிந்ததும் பெரிய மீன்கள் கரையில் நிற்பதில்லை. பாசி முடியும் ஓரத்துக்கு, எட்டு அடி முதல் பதினைந்து அடி ஆழத்துக்குப் போய்விடும். கரையிலேயே நின்று, "மீனே இல்லை" என்று அலுத்துக்கொள்பவனுக்கு இது தெரியாது. மாலையில் பூச்சிகள் தண்ணீரில் விழும்போது அவை திரும்ப மேலே வரும். அந்த ஒரு மணி நேரம் மீன்பிடிப்பவனுக்குப் பொற்காலம்!

எப்படிப் பிடிப்பது?

புளூகில்லுக்கு வாய் மிகச் சிறியது. ஒரு பட்டாணி நுழையும் அளவுதான். பெரிய முள் போட்டால் இரையை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு, முள்ளை நமக்கே விட்டுவிடும்.

எனவே முள் சிறிதாக இருக்கவேண்டும். எட்டாம் எண் அல்லது பத்தாம் எண் முள் போதும். (எண் கூடக் கூட முள் சிறிதாகும்!) நைலான் நரம்பும் மெல்லியதாக இருக்கட்டும். நான்கு பவுண்டு தாங்கினால் ஏராளம்.

இரைக்குச் சிரமமே இல்லை. மண்புழுவில் ஒரு சிறு துண்டு. அல்லது ஒரு சிள்வண்டு. முழுப் புழுவைத் தொங்கவிட்டால், மீன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

தக்கை சிறிதாக, மெல்லியதாக இருக்கட்டும். பெரிய தக்கை என்றால் மீனுக்குக் கனம் தெரியும். சந்தேகப்பட்டு உமிழ்ந்துவிடும். தக்கைக்குக் கீழே கடுகளவு ஈயம் ஒன்று. அவ்வளவுதான்.

நிழல் தண்ணீரில் விழக்கூடாது. சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு நின்றால் நம் நிழல் மீன்மேல் விழும், அது ஓடிவிடும். படகில் தடதடவென்று நடக்கக்கூடாது. அந்த ஓசை தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும்.

தக்கை முழுகவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சில சமயம் அது பக்கவாட்டில் மெல்ல நகரும். சில சமயம் படுத்துக்கொள்ளும். அதுவும் கடிதான்!

கிராப்பி விஷயம் வேறு. அதற்குக் "காகித வாய்" என்றே பட்டப்பெயர். வாயின் தசை காகிதம்போல் கிழிந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் முள் மட்டும் கையோடு வரும். குழந்தையின் கையைப் பிடித்து நடத்துவதுபோல் மெதுவாக இழுக்கவேண்டும். அதற்கு இரை மண்புழு அல்ல. உயிருள்ள சின்ன மீன்குஞ்சு.

மீனைக் கையில் எடுக்கும்போது கையை நனைத்துக்கொள்ளவேண்டும். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழவழப்பு போய்விடும். பிறகு விட்டாலும் நோய் பிடிக்கும். முதுகுத் துடுப்பில் ஊசிபோல் முட்கள் உண்டு. தலைப்பக்கமிருந்து தடவி, முட்களை மடக்கிப் பிடித்தால் குத்தாது.

வெள்ளிக்கிழமை வறுவல்

பிடித்தாயிற்று. பிறகு?

செதிலைச் சீவி, தலையை எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தடவி, மக்காச்சோள மாவில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஊருக்கு ஊர் மீன் வறுவல்தான். வெள்ளிக்கிழமை மாமிசம் உண்ணாத கத்தோலிக்கர்களின் பழக்கம் அது. இன்று எல்லா மதத்தாரும் அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மஞ்சள் பெர்ச்சுக்கு அங்கே தனி மவுசு.

தகப்பன் கட்டிய கூடு

இனி அந்த வெள்ளைத் தட்டுக்குத் திரும்புவோம்.

அது தட்டு அல்ல, கூடு. கட்டியது ஆண் புளூகில்.

அது தன் வாலை வீசி வீசி, சேற்றையும் குப்பையையும் அடித்துத் தள்ளுகிறது. அடியிலிருக்கும் சுத்தமான மணலும் கல்லும் வெளியே தெரிகின்றன. சுமார் ஒரு அடி அகலத்துக்கு ஒரு குழி. பக்கத்திலேயே இன்னொரு ஆண் இன்னொரு குழி. இப்படியே ஒரு குடியிருப்பு உருவாகிறது.

பெண் வருகிறது, முட்டையிடுகிறது, போய்விடுகிறது. அதன் வேலை அத்துடன் தீர்ந்தது. ஒரே கூட்டில் பல பெண்கள் முட்டையிடுவதும் உண்டு. ஆயிரம் ஆயிரமாக முட்டைகள் சேர்ந்துவிடும்.

அதற்குமேல் எல்லாப் பொறுப்பும் தகப்பனுக்குத்தான்!

முட்டைகளுக்குக் காற்று வேண்டும். எனவே துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. முட்டை திருடவரும் மீன்களைத் துரத்துகிறது. நத்தை வந்தாலும் தள்ளிவிடுகிறது. சரியாக இரை எடுப்பதும் இல்லை. முட்டை சில நாளில் பொரிந்துவிடும். ஆனாலும், குஞ்சுகள் நீந்திப் போகும்வரை தகப்பன் நகராது. மொத்தம் ஏழு முதல் பத்து நாள் காவல்.

இந்தச் சமயத்தில் ஒரு புழு கூட்டில் விழுகிறது. தகப்பனுக்கு அது இரை அல்ல, எதிரி! கவ்வி வெளியே எறியப் பார்க்கிறது. முள் மாட்டிக்கொள்கிறது.

அது வாளிக்குப் போன சில நிமிஷங்களில் அக்கம்பக்கத்து மீன்கள் கூட்டுக்குள் புகுந்துவிடும். முட்டைகள் காலி!

திருட்டு மாப்பிள்ளைகள்

புளூகில் உலகத்தில் எல்லா ஆண்களும் யோக்கியர்கள் அல்ல. இதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள்.

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒபினிகன் என்ற ஏரி இருக்கிறது. மார்ட் கிராஸ் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே புளூகில்லின் குடும்ப வாழ்க்கையைத் துருவிப் பார்த்தார். 1980-களில் வெளிவந்த அவருடைய முடிவுகள் உயிரியல் உலகையே வியக்கவைத்தன.

கூடு கட்டிக் காவல் இருக்கும் ஆண், அந்த ஏரியில் சுமார் ஏழு வயதில்தான் பருவமடைகிறது. அதுவரை உண்டு வளர்ந்து உடம்பைத் தேற்றிக்கொள்கிறது.

வேறு சில ஆண்கள் இரண்டு வயதிலேயே பருவமடைந்துவிடும். அவை கூடு கட்டுவதில்லை. பாசியில் ஒளிந்திருக்கும். பெண் முட்டையிடும் சமயம் பார்த்து அம்புபோல் பாய்ந்து, தன் விந்தைத் தெளித்துவிட்டு ஓடிவிடும்!

இவை கொஞ்சம் பெரிதானதும் வேஷத்தை மாற்றிக்கொள்ளும். நிறத்திலும் நடையிலும் பெண் மீனைப்போல் நடித்து, தம்பதிகளுக்கு நடுவே நுழைந்துவிடும். கூட்டின் சொந்தக்காரன் இரண்டு பெண்கள் வந்திருப்பதாக எண்ணி ஏமாந்து நிற்பான்! நியூயார்க் மாநிலத்து ஏரி ஒன்றில் இந்தப் பெண் வேஷத்தைக் கவனித்து, 1980-ல் வெளியிட்டவர் வாலஸ் டாமினி.

பிறக்கும் குஞ்சுகளைக் காப்பது யார்? இந்தத் திருட்டு மாப்பிள்ளைகள் அல்ல. ஏழு வருஷம் வளர்ந்த அந்தத் தகப்பன்தான்.

நாம் வாளியில் போடுவதும் அவனைத்தான்!

ஏரி குட்டையாகும் கதை

ஒரு ஏரியில் எட்டு அங்குல மீன் நிறைய இருந்தது. சில வருஷங்களில் நான்கு அங்குலம், ஐந்து அங்குலத்துக்குமேல் ஒன்றுமே கிடைக்கவில்லை. "மீன் இருக்கிறது; ஆனால் வாணலிக்கு ஆகாது!" என்று கிழவர்கள் வருந்துகிறார்கள். வட அமெரிக்காவில் எத்தனையோ ஏரிகளின் கதை இது.

காரணம் என்ன?

குட்டி மீன்களைத் தின்னும் பெரிய மீன்கள் குறைந்தால், குட்டிகள் பெருகி, இரை போதாமல் குறுகிப்போகும். இது ஒன்று.

இன்னொன்றும் உண்டு. பெரிய ஆண்கள் நிறைய இருக்கும் ஏரியில், சிறிய ஆண்களுக்குக் கூடு கட்ட நல்ல இடம் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது. எனவே அவை அவசரப்படாமல் வளர்கின்றன. பெரியவர்களை நாம் பிடித்துத் தீர்த்துவிட்டால்? சிறியவர்களுக்கு வளரும் அவசியம் போய்விடுகிறது. சின்ன வயதிலேயே பருவமடைந்து, கூடு கட்டத் தொடங்கிவிடுகின்றன. உடம்பு வளரவேண்டிய சத்தெல்லாம் குடும்பம் நடத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது.

படிக்கிற பையனுக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் செய்துவைத்த கதைதான்!

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சட்டங்கள் மாறின. விஸ்கான்சினில் ஒருவர் ஒரு நாளைக்கு 50 வாணலி மீன் பிடிக்கலாம் என்றிருந்ததை, 1998-ல் 25 ஆகக் குறைத்தார்கள். மின்னசோட்டாவில் பெரிய புளூகில் வளரக்கூடிய ஏரிகளைப் பொறுக்கி எடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து அல்லது பத்துதான் என்று கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள்.

அனுபவசாலிகள் தாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டின்மேல் தூண்டில் போடுவதில்லை. கூடுகளைத் தாண்டி, ஆழமான ஓரத்தில் போடுகிறார்கள். ஆறு, ஏழு அங்குல மீனில் வேளைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட, செம்பு மார்பு ஆணை, "போய் வா, ராஜா!" என்று திருப்பி விட்டுவிடுகிறார்கள்.

சக்கரவர்த்தியின் வருத்தம்

திருப்பி விடுவது புண்ணியம் என்றோம். அதே மீனைத் திருப்பி விடக்கூடாது என்று சொல்லும் இடமும் இருக்கிறது. அது ஜப்பானில்!

1960-ல் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ அமெரிக்காவுக்கு விஜயம் செய்தார். அவர் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அதை அறிந்த சிகாகோ மேயர், அவருக்குப் புளூகில் மீன்களைப் பரிசாக அளித்தார்.

இளவரசர் அவற்றை ஊருக்குக் கொண்டுவந்து, மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்தார். மக்களுக்கு நல்ல உணவாகும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மீன்கள் வளர்ப்புக் குளத்தோடு நிற்கவில்லை. ஏரிகளிலும் ஆறுகளிலும் பரவின. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில் பல்கிப் பெருகின. அங்கே பரம்பரையாக இருந்த மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. ஏரியை நம்பிய மீனவர்கள் கலங்கினார்கள்.

2007-ல், அந்த ஏரிக்கரை நகரமான ஓட்சுவில் நடந்த ஒரு விழாவில், அகிஹிட்டோ பேசினார். அப்போது அவர் சக்கரவர்த்தி. புளூகில்லைத் தாம்தான் கொண்டுவந்ததாகவும், அதனால் நேர்ந்ததை நினைத்து மனம் நோவதாகவும் அவர் பகிரங்கமாகச் சொன்னார். நாடே திகைத்தது!

பிவா ஏரி இருக்கும் ஷிகா மாவட்டத்தில், பிடித்த புளூகில்லை மறுபடி தண்ணீரில் விடக்கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் போடுவதற்கென்றே ஏரிக்கரையில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுக்கும் அதே தகப்பன்தான். பிறந்த ஏரியில் அது செல்வம். அயல் ஏரியில் அது சாபம். குற்றம் மீனிடம் இல்லை.

நம் ஊரில்?

இந்தக் கதை நமக்கும் புதிதல்ல.

நம் ஏரி, குளங்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. அதிலும் ஆண்தான் குழி பறிக்கிறது. ஆனால் முட்டையை வாயில் வைத்துக் காப்பது தாய். அதுவும் நெருக்கடி வந்தால் சின்ன வயதிலேயே முட்டையிட்டு, குட்டையாகிவிடும் ஜாதிதான்.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதக்கும்போது, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின்மேல் தவளையைக் கட்டிப் போட்டால் விரால் பாய்ந்து கடிக்கும் என்று தூண்டில்காரர்களுக்குத் தெரியும். அதுவும் பசியால் அல்ல!

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பதும் மீன்கள் பெருகட்டும் என்றுதான். கடலுக்குச் சட்டம் இருக்கிறது. குளத்துக்கு நம் மனசாட்சிதான் சட்டம்.

மீன் பிடிப்பது பாவம் என்று சொல்லவரவில்லை. வாணலி மீன் வாணலிக்குத்தான். சிறுவன் வீட்டுக்கு நான்கு மீன் கொண்டுபோகட்டும், அம்மா வறுத்துக்கொடுக்கட்டும்.

ஆனால் கூட்டில் நிற்கும் அந்தத் தகப்பனை மட்டும் விட்டுவிடட்டும்.

அடுத்த வருஷமும் அதே ஏரிக்கு அவன் வரவேண்டும் அல்லவா?